அக்கரையில் யார் இருக்கிறார்?
கடல் பாலம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்



புக்கிட் பெருவாங்கில் எங்கள் ஞாயிறு வகுப்பு கோயில் மண்டபத்தில் நடக்கிறது. தேவாரம் பாடி, ஒரு கதை சொல்லி, அதன் பிறகு ஏதாவது ஒரு நாட்டு நடப்பைப் பேசுவோம். சில வாரங்களுக்கு முன் இராமாயணத்தில் சேது பந்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பொலிடெக்னிக் மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான்.

“அண்ணே, ராமரு அஞ்சே நாள்ல பாலம் கட்டி முடிச்சாரு. மலாக்காவுல இருந்து சுமத்ராவுக்குப் பாலம் வருது வருதுன்னு நான் சின்னப் பிள்ளையா இருந்தப்பலேருந்து சொல்றாங்க. இன்னும் ஒரு தூணைக் கூட காணோமே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வகுப்பு முடிந்து எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தபோது அவன் தனியாக என்னிடம் வந்தான். “அண்ணே, நான் விளையாட்டுக்குக் கேக்கல. அப்பாவுக்கு 55 வயசாகுது. இ.பி.எஃப். காசை எடுத்து மஸ்ஜித் தானா பக்கம் நிலம் வாங்கப் போறாராம். பாலம் வந்தா விலை பத்து மடங்கு ஏறும்னு ஒரு ஏஜெண்டு சொல்லியிருக்காரு. நீங்க சர்வே வேலை பார்த்தவருதானே, பாலம் வருமா வராதா?”

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த இரண்டு வாரம் வகுப்பில் இதையே பாடமாக எடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நளனின் கணக்கு

அந்த “அஞ்சு நாள்” கதையிலிருந்தே தொடங்குவோம். வால்மீகி இராமாயணத்தில் சேதுவின் நீளம் நூறு யோசனை. முதல் நாள் 14, இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் 21, நான்காம் நாள் 22, ஐந்தாம் நாள் 23 யோசனை. கூட்டிப் பாருங்கள், சரியாக நூறு வரும். வேலை கைக்குப் பழகப் பழக தினசரி அளவு கூடுகிறது. கட்டுமான வேலை பார்த்த எவருக்கும் இந்தக் கணக்கு புரியும்.

ஆனால் அந்த ஐந்து நாளுக்கு முன்னால் நடந்ததை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கடற்கரைக்கு வந்த இராமன் உடனே கல்லைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. விபீஷணனிடம் யோசனை கேட்டான். தருப்பைப் புல்லில் மூன்று இரவு கிடந்து கடலரசனை வேண்டினான். பொறுமை இழந்து வில்லை எடுத்த பிறகுதான் சமுத்திரராஜன் வந்து, “விசுவகர்மாவின் மகன் நளன் உன் படையிலேயே இருக்கிறான், அவனைக் கேள், நான் தாங்கிக்கொள்கிறேன்” என்றான். வானரங்கள் நூல் பிடித்தார்கள், அளவுகோல் பிடித்தார்கள் என்றும் வால்மீகி சொல்கிறார்.

இதில் இன்றைய திட்டமிடலின் வரிசையே இருக்கிறது. எதிர்க்கரையை அறிந்தவரிடம் யோசனை, கடலின் சம்மதம், தகுதியான பொறியாளர், அளவு, அதன் பிறகு வேலை. ஐந்து நாள் என்பது கடைசிப் பகுதி மட்டுமே.

இன்னொரு விஷயமும் உண்டு. இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் இடையே நாம் சேது என்று வணங்கும் மணல்திட்டு வரிசையை ஏறக்குறைய 48 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். அங்கே கடல் பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்தான். பெரும்பாலும் பத்து மீட்டருக்குள். நம் மலாக்காவிலிருந்து ரூபாட் தீவுக்குப் பேசப்படும் பாலத்தின் நீளமும் கிட்டத்தட்ட அதே 48 கிலோமீட்டர்தான். நீளம் ஒன்று, கடல் வேறு. அந்த வித்தியாசத்தில்தான் நம் பாடம் இருக்கிறது.

மலாக்கா பாலம்: இதுவரை நடந்தது

இந்தோனேசியாவின் ரியாவ் மாநிலத்தில், சுமத்ரா கரையை ஒட்டி இருக்கிறது ரூபாட் தீவு. அதற்கு அப்பால் டுமாய் நகரம். மலாக்காவிலிருந்து டுமாய்க்கு ஃபெர்ரி ஓடுகிறது; ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்.

2000-களில் தெலுக் கோங்கிலிருந்து ரூபாட்டுக்குக் கடல் பாலம், ரூபாட்டைக் கடக்க நெடுஞ்சாலை, ரூபாட்டிலிருந்து டுமாய்க்கு இன்னொரு பாலம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. மொத்தம் ஏறக்குறைய 128 கிலோமீட்டர். செலவு 12 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் என்றும், சீன வங்கி ஒன்று பெரும்பகுதியைக் கடனாகத் தரும் என்றும் செய்திகள் வந்தன. பிறகு அடங்கியது. 2013-ல் மீண்டும் எழுந்தது, மீண்டும் அடங்கியது. 2025-ல் மலாக்கா மாநில அரசு மறுபடியும் எடுத்தது. இந்த முறை மஸ்ஜித் தானா வட்டாரத்தில் பெங்காலான் பாலாக்கிலிருந்து 47 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாத்தியக்கூறு ஆய்வுக்கு 5 லட்சம் ரிங்கிட் ஒதுக்குவதாகச் செய்தி வந்தது.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். ஒதுக்கியது ஆய்வுக்கு. பாலத்துக்கு அல்ல. பல பில்லியன் ரிங்கிட் வேலைக்கு முன்னால் 5 லட்சம் ரிங்கிட் என்பது “இதைப் பற்றி யோசிக்கலாமா” என்று கேட்பதற்கான செலவு. யோசிப்பது தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டு நிலம் வாங்க ஓடுவது வேறு காரியம்.

எனக்கு இது எப்படித் தெரியும்? நானே ஓடியவன்தான். 2010 வாக்கில், “பாலம் வரப்போகுது, இப்ப போட்டாதான் போட்டது” என்று ஒருவர் சொன்னதை நம்பி, ஒரு துண்டு நிலத்துக்கு முன்பணம் கட்டினேன். வீட்டுக்காரியின் சங்கிலியை அடகுக்கடையில் வைத்த காசு அது. பாலமும் வரவில்லை, நிலமும் என் பேருக்கு மாறவில்லை, முன்பணமும் திரும்பவில்லை. சங்கிலியை மீட்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. இவ்வளவுக்கும் நான் சர்வே குழுவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவனுக்கே கேட்க வேண்டிய கேள்வி அன்று தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

கேள்வி ஒன்று: கடல் என்ன சொல்கிறது?

கடல் பாலத்துக்கு எதிரி நீளம் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆழம், அடிமண், காற்று, நிலநடுக்கம், இவை எல்லாம் சேர்ந்துதான் விலையைத் தீர்மானிக்கின்றன.

பினாங்கு இரண்டாவது பாலத்தைப் பாருங்கள். பத்து காவானிலிருந்து பத்து மாவுங் வரை 24 கிலோமீட்டர், அதில் கடல் மேல் 16.9 கிலோமீட்டர். 2014 மார்ச் 1-ம் தேதி திறந்தார்கள். செலவு ஏறக்குறைய 4.5 பில்லியன் ரிங்கிட். “அப்ப மலாக்கா பாலம் இதுபோல இரண்டு மடங்கு நீளம்தானே, 9 பில்லியன் போதுமே” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். கணக்கு சரி, கடல்தான் வேறு. பினாங்கின் தென் கால்வாய் ஆழம் குறைந்தது. மலாக்கா நீரிணையின் நடுப்பாதையில் 20 மீட்டர் நீரில் மூழ்கி வரும் எண்ணெய்க் கப்பல்கள் போகின்றன. அப்படியென்றால் கடல் அதைவிட ஆழம். தூணின் அடித்தளம் அந்த நீரையும் கடந்து, சேற்றையும் கடந்து, கெட்டி மண்ணைத் தொட வேண்டும். ஆழம் இரண்டு மடங்கானால் செலவு இரண்டு மடங்கோடு நிற்பதில்லை.

நிலநடுக்கத்தையும் மறக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26-ம் தேதி 9.1 அளவில் குலுங்கியது நமக்கு எதிரே உள்ள அதே சுமத்ராதான். ஜப்பானில் அகாஷி கைக்யோ பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, 1995 ஜனவரி 17-ல் கோபே நிலநடுக்கம் வந்தது. கோபுரங்கள் நின்றுவிட்டன. ஆனால் அடிநிலம் நகர்ந்து, இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடிவிட்டது. அதனால்தான் 1,990 மீட்டராக வரைந்த இடைவெளி இன்று 1,991 மீட்டராக இருக்கிறது. முன்கூட்டியே யோசித்து வரைந்ததால் பாலம் பிழைத்தது.

பினாங்கு இரண்டாவது பாலத்திலும் அந்த யோசனை உண்டு. தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே, அதிர்வை உள்வாங்கும் ரப்பர் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள். ரப்பரையும் இரும்புத் தகட்டையும் அடுக்கடுக்காகச் சேர்த்துச் செய்தவை. நிலம் குலுங்கும்போது ரப்பர் நெளிந்து கொடுக்கும். மேலே போகும் பாலத்துக்கு அந்த வேகம் முழுதாகப் போய்ச் சேராது. அது இயற்கை ரப்பர், பால்மரத்தில் சீவி எடுப்பது.

இதைச் சொன்னபோது மண்டபத்தில் ஒரு பாட்டி, பேத்தியை அழைத்துப்போக வந்தவர், “அட, நம்ம பாலா!” என்றார். இந்த நாட்டில் முதன்முதலாக வாணிக நோக்கில் ரப்பர் நட்டது 1896-ல், இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சாய் யான் என்பவர். அதன் பிறகு வந்த தோட்டங்களில் விடியுமுன் கத்தியும் வாளியும் எடுத்துப் போனது நம் தாத்தா பாட்டிகள். அவர்கள் சீவிய மரம் எந்தத் தூணில் இருக்கிறது என்று யாரும் காட்ட முடியாது. ஆனாலும் அந்தப் பாலத்தில் காரில் போகும்போது ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இரண்டு: கப்பல் எப்படிப் போகும்?

மலாக்கா நீரிணை வழியாக ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகின்றன. இது நம் வீட்டு வாசல்தான், ஆனால் ஊருக்கே பொது வழி. 1982-ல் உருவான ஐக்கிய நாடுகளின் கடல் சட்ட ஒப்பந்தப்படி, இப்படிப்பட்ட நீரிணையில் கப்பல்கள் கடந்து போவதைக் கரையோர நாடுகள் தடுக்கக் கூடாது. மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து சம்மதித்தால் மட்டும் போதாது; கப்பல் வழி கெடாது என்று உலகத்துக்கே காட்ட வேண்டும்.

அதற்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, பாலமே திறந்து வழி விடுவது. நம் பாம்பன் பாலம் அப்படித்தான். 1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய பாலத்தின் நடுவில் இரண்டு இறக்கைகள் இருந்தன. தொழிலாளர்கள் கையால் சுற்றித் திறப்பார்கள். 2025 ஏப்ரல் 6-ல், இராமநவமி அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. பாம்பனில் எப்போதாவது வரும் சிறு கப்பல்களுக்கு இது போதும். ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல் கப்பல் போகும் நீரிணையில் இது நடக்காது.

இரண்டு, உயரமாகக் கட்டுவது. பினாங்கு முதல் பாலத்தின் அடியில் கப்பலுக்கு 33 மீட்டர் உயரம் விட்டிருக்கிறார்கள். மலாக்கா நீரிணையில் போகும் பெரிய கொள்கலன் கப்பல்களுக்கு அது பாதி கூடக் காணாது. எகிப்தில் சூயஸ் கால்வாய் மேல் கட்டிய பாலத்துக்கு 70 மீட்டர் உயரம் விட்டார்கள். இங்கே ஒரு சின்னக் கணக்கு: 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம் என்று வைத்தால், 70 மீட்டர் ஏற எவ்வளவு தூரம் வேண்டும்? ஒரு பக்கம் 2,333 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஏறி இறங்கவே ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர்.

மூன்று, கப்பல் வழிக்கு அடியில் சுரங்கம். 2018 அக்டோபரில் திறந்த ஹாங்காங் – ஜுஹாய் – மக்காவ் இணைப்பு 55 கிலோமீட்டர். அதில் 6.7 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கம். பாலத்திலிருந்து சுரங்கத்துக்கு இறங்க, கடலுக்குள்ளேயே இரண்டு செயற்கைத் தீவுகளைக் கட்டினார்கள். முடியாதது இல்லை. ஆனால் அதற்கு ஆன செலவை யோசியுங்கள்.

கப்பல் இடித்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் அண்மையில் பார்த்தோம். 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட ‘டாலி’ என்ற கப்பல் மின்சாரம் இழந்து ஒரு பாலத் தூணில் மோதியது. பாலம் சில நொடிகளில் சரிந்தது. நள்ளிரவில் சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். பிழைப்புக்காக வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். இதை வாசித்தபோது எனக்கு நம் தாத்தாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பாலம் வரைபவர் அதன் மேல் போகும் முதலாளியின் காரை மட்டும் நினைத்து வரையக் கூடாது. இரவில் அங்கே குழி அடைப்பவனையும் நினைக்க வேண்டும்.

கேள்வி மூன்று: யார் காசு, யார் கட்டுவார்?

ஒரு பயிற்சிக் கணக்கு போட்டோம். எண்கள் எல்லாம் பயிற்சிக்காக நான் வைத்தவை. 40 பில்லியன் ரிங்கிட் கடன், ஆண்டு வட்டி 4 விழுக்காடு. வட்டி மட்டும் ஆண்டுக்கு 1.6 பில்லியன். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 44 லட்சம் ரிங்கிட். தினமும் 10,000 வண்டிகள் போனால், ஒரு வண்டிக்கு 438 ரிங்கிட் டோல் வாங்கினால்தான் வட்டி அடையும். முதலும் பராமரிப்பும் தனி.

மண்டபம் அமைதியாகிவிட்டது. ஒருத்தன் மெதுவாக, “ஃபெர்ரியிலேயே போயிறலாம்ணே” என்றான்.

டோல் கட்டுப்படியாகாவிட்டால் அரசாங்கம் கொடுக்க வேண்டும். அரசாங்கம் கொடுப்பது என்றால் பாலத்தில் ஒருநாளும் போகாத புக்கிட் பெருவாங் பாட்டியும் சேர்ந்து கொடுப்பது. இது தப்பு என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் அப்படித்தான் கொடுக்கிறோம். கொடுப்பதற்கு ஏற்ற பலன் எல்லாருக்கும் வருமா என்பதுதான் கேள்வி.

இந்தோனேசியாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜாவாவையும் மதுரா தீவையும் இணைக்கும் சுரமாடு பாலம், 5.4 கிலோமீட்டர், 2009 ஜூனில் திறந்தார்கள். பாலம் வந்தால் மதுராவும் சுரபாயா மாதிரி வளரும் என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. 2018-ல் டோலையே எடுத்துவிட்டார்கள். சாலை மட்டும் போட்டால் தொழில் தானாக வந்துவிடாது. அதே நாட்டில் ஜாவாவையும் சுமத்ராவையும் இணைக்கத் திட்டமிட்ட சுண்டா நீரிணைப் பாலத்தை 2014-ல் கிடப்பில் போட்டார்கள்.

கேள்வி நான்கு: அங்கே ஏற்கெனவே யார் வாழ்கிறார்?

மஸ்ஜித் தானா கரையோரம் மீன்பிடிக் கம்போங்கள் உண்டு. தூண் அடிக்கும் இடத்தில் வருடக்கணக்கில் வலை போட முடியாது. ரூபாட்டில் சதுப்பு நிலமும் கரிமண்ணும். இன்னும் ஒருவர் இருக்கிறார்: பருந்து. ஆண்டுதோறும் மார்ச் மாதம் ஆயிரக்கணக்கான வல்லூறுகளும் பருந்துகளும் ரூபாட் தீவிலிருந்து கடலைக் கடந்து, நம் பக்கம் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் இருக்கும் காட்டுமுனையில் வந்து இளைப்பாறி வடக்கே போகின்றன. அவற்றுக்கு அது பல்லாண்டுப் பாலம். சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு என்று ஒன்று சட்டப்படி செய்வது இவர்களுக்காகத்தான். அது ஏதோ கோப்பில் வைக்கும் காகிதம் இல்லை.

மீனவர்களைக் கேட்பதில் பொறியாளருக்கே இலாபம் உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பயணிகளோடு ஒரு இரயிலே கடலில் போனது, பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. சீர்செய்யும் பொறுப்பு ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் இரயிலையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர். கடலில் கிடந்த உத்தரங்களை மீனவர்களின் உதவியோடு கண்டெடுத்து, மீண்டும் ஏற்றி, 46 நாளில் இரயிலை ஓடவைத்தார். கடலைப் பற்றிப் படித்தவர் ஒருவர், கடலிலேயே வாழ்ந்தவர் ஒருவர். இருவரும் சேர்ந்ததால்தான் வேலை நடந்தது.

கேள்வி ஐந்து: அக்கரையில் யார் இருக்கிறார்?

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்.

ஜப்பானில் 1955-ல் ஷியுன் மாரு என்ற ஃபெர்ரி மோதி மூழ்கியது. 168 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகள். அதன் பிறகு அந்தத் தீவு மக்கள் பாலம் வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். 33 ஆண்டு கழித்து, 1988-ல் அந்தக் கடல்வழியில் முதல் பாலம் திறந்தது. இவ்வளவு காலம் யார் பொறுப்பார்? பிள்ளையைப் பறிகொடுத்தவர் பொறுப்பார். காரணம் உண்மையாக இருந்தால் திட்டம் தலைமுறை தாண்டியும் நிற்கும்.

பினாங்கிலும் தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இரு கரையிலும் மக்கள் காத்துக் கிடந்தார்கள். அதனால்தான் 1985-ல் 13.5 கிலோமீட்டர் முதல் பாலம் வந்தது, அது நிரம்பியது, பிறகு இரண்டாவது வந்தது. தேவை முதலில், பாலம் பிறகு.

சேதுவிலும் அதே கதைதான். இராமன் உலகத்திலேயே நீளமான பாலம் வேண்டும் என்று கட்டவில்லை. அக்கரையில் சீதை இருந்தாள். அதனால்தான் அணில் கூட மணலில் புரண்டு வந்து தன் பங்கைக் கொட்டியது. வால்மீகியில் இல்லாத இந்த அணிலைத் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் வைத்துப் பாடியிருக்கிறார். யாருக்காகக் கட்டுகிறோம் என்று தெரிந்தால் அணிலும் வரும். தெரியாவிட்டால் ஏஜெண்டுதான் முதலில் வருவார்.

மலாக்காவுக்கும் ரூபாட்டுக்கும் நடுவே அப்படி ஒரு தேவை இல்லை என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சுமத்ராவிலிருந்து பலர் இங்கே மருத்துவத்துக்கு வருகிறார்கள், வியாபாரம் நடக்கிறது, உறவும் இருக்கிறது. அந்தத் தேவை இன்னும் நல்ல ஃபெர்ரியால் தீருமா, பாலம்தான் வேண்டுமா என்று அளந்து சொல்வதுதான் ஆய்வின் வேலை. ஆய்வு நேர்மையாக நடக்கட்டும். “வேண்டாம்” என்று முடிந்தாலும் அது வெற்றிகரமான ஆய்வுதான்.

அப்பா என்ன செய்தார்?

இரண்டாவது வாரம் அந்தத் தம்பி தன் அப்பாவையே கூட்டி வந்துவிட்டான். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் நான் வெள்ளைப் பலகையில் படிகளை எழுதினேன்: யோசனை அறிவிப்பு. சாத்தியக்கூறு ஆய்வு. இரு நாட்டு ஒப்பந்தம். சுற்றுச்சூழல் ஆய்வு. நிதி. விரிவான வரைபடம். டெண்டர். வேலை. பிறகு, “ஐயா, பாலம் இப்ப எந்தப் படியில நிக்குதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றேன்.

அவர் எழுந்து வந்து பலகையை நெருங்கிப் பார்த்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார். “இங்கதான் தம்பி. இங்ககூட இன்னும் முடியல.” கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். “முப்பத்தி ரெண்டு வருஷக் காசு தம்பி” என்று மட்டும் சொன்னார்.

நான் என் அடகுச் சங்கிலிக் கதையை அப்போதுதான் சொன்னேன். அதுவரை வகுப்பில் யாருக்கும் தெரியாது. நிலம் வாங்குவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பாருங்கள், விவசாய நிலமா வீட்டு நிலமா என்று கேளுங்கள், உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரை வையுங்கள், பாலமே வராவிட்டாலும் இந்த விலை இந்த நிலத்துக்குத் தகுமா என்று யோசியுங்கள் என்றேன்.

போன வாரம் தம்பியைக் கேட்டேன். “காசு இன்னும் இ.பி.எஃப்.லயேதான்ணே இருக்கு. ஏஜெண்டு ஃபோன் அடிச்சா அப்பா, ‘ரெண்டாவது படி முடியட்டும், பாக்கலாம்’ங்கிறாரு” என்றான். பிறகு இன்னொன்றும் சொன்னான். படிப்பு முடித்ததும் கடலடி மண் ஆய்வுப் பக்கம் போகலாம் என்று பார்க்கிறானாம். பாலம் வந்தாலும் வராவிட்டாலும் மண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். நளனும் படையில் பேர் தெரியாமல் நின்றிருந்த ஒருவன்தான். கூப்பிட்டபோது அவனுக்கு வேலை தெரிந்திருந்தது.

உங்கள் வகுப்பில் கலந்து பேச:

1. உங்கள் ஊரில் “வரப்போகிறது” என்று சொல்லப்படும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எட்டுப் படிகளில் அது எங்கே நிற்கிறது?

2. அந்தத் திட்டத்தால் முதலில் பலன் பெறுபவர் யார்? முதலில் இழப்பவர் யார்? இருவரில் யாரை இதுவரை யாராவது கேட்டிருக்கிறார்கள்?

3. பயிற்சிக் கணக்கில் வண்டிகளை 10,000-லிருந்து 30,000 ஆக்கிப் பாருங்கள். ஒரு வண்டிக்கு எவ்வளவு வரும்? அந்தத் தொகையை உங்கள் வீட்டில் கட்டுவார்களா?

4. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: அவர்களோ அவர்களின் பெற்றோரோ எந்தச் சாலை, எந்தப் பாலம், எந்தத் தோட்ட வேலையில் கை வைத்திருக்கிறார்கள்? எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அதிலிருந்து தொடங்கலாம்.